2011இல் எழுதிய ஒரு பதிவு: அழிப்பதா, விட்டுவைப்பதா?

திரிவிளக்கு | வெள்ளி, இரவு 10.52

நண்பர்களே, இரண்டு வாரமாக மனதைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

2003இலிருந்து ஒரு சின்னத் தளம் நடத்தி வருகிறேன். காலை ஜெபம் முடிந்ததும் மனதில் தங்கிய ஒரு வரியை வைத்து இரண்டு மூன்று பத்தி எழுதுவேன். அவ்வளவுதான் தளம். விளம்பரம் கிடையாது. ஆரம்பத்தில் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தது, பிறகு ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினேன். எழுத வராத நாட்களிலும் ஒரு தடவை திறந்து பார்த்து, ஸ்பேம் பின்னூட்டங்களை அள்ளித் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். இருபது வருடத்துக்கு மேல் செய்ததில் அதுவும் ஜெபத்தோடு சேர்ந்துபோய்விட்டது.

பழைய பிஎச்பி பதிப்பை நிறுத்துகிறோம் என்று ஹோஸ்டிங்காரர்கள் சொல்லிவிட்டதால் போன மாதம் சர்வர் மாற்ற வேண்டி வந்தது. மாற்றியபின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் 2011இல் எழுதிய ஒன்று கண்ணில் பட்டது. தேர்தல் நேரத்தில் எழுதியது. விசுவாசியாக இருப்பவன் இன்ன கட்சிக்கு ஓட்டுப் போட முடியாது என்பது அதன் சாரம். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அப்படிப் போடுகிறவர்களின் ஜெபம் கேட்கப்படுமா என்று கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டு வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்க, என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

அந்தப் பதிவால் ஒரு நண்பரை இழந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் படித்தார், பேசுவதை நிறுத்திக்கொண்டார். நானும் கூப்பிடவில்லை. நியாயத்தின் பக்கம் நிற்கிறேன் என்ற நினைப்பு.

நான் ஓட்டுப் போடும் விதம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. இன்னொருவருடைய ஜெபத்துக்கு அளவுகோல் பிடிக்க நான் யார் என்ற கேள்விதான் இந்த வருடங்களில் மெல்ல மெல்ல எனக்குள் இறங்கியது. டிலீட் பட்டன் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அழித்தால் அது மனந்திரும்புதலா, தடயத்தை மறைப்பதா? விட்டுவைத்தால் நேர்மையா, இன்னும் யாரையோ குத்திக்கொண்டே இருப்பதா?

இன்னொன்று. கீழே 41 பின்னூட்டங்கள் இருக்கின்றன. பாதி பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. 2016இல் செய்த மாற்றத்தில் நடந்திருக்க வேண்டும். அது பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

ஒருவரி | வெள்ளி, இரவு 11.20

அழிச்சிடுங்க அண்ணா. யோசிக்கவே வேணாம்.

எட்டு வருஷம் முன்னாடி கோபத்துல நான் எழுதின ஒண்ண யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியை மட்டும் வெட்டிட்டு, நான் புதுசா வேலைக்குச் சேர்ந்த இடத்துல சுத்த விட்டாங்க. நேத்து எழுதினதுன்னே எல்லாரும் நினைச்சாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் "இது பழசு, இப்ப நான் அப்படி நினைக்கல"ன்னு சொல்லிட்டிருந்தேன். பாதிப் பேர் நம்பல. நீங்க மாறினது உங்களுக்கும் கடவுளுக்கும் தெரியும். தேடுபொறி வழியா வந்து படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? வலையில கிடக்கற வரைக்கும் அது இன்னைக்குச் சொல்ற பேச்சுதான்.

பழையசாவி | சனி, காலை 6.15

முடிவு எதுவானாலும் முதலில் முழு பேக்கப் எடுங்கள் ஐயா. தரவுத்தளம் தனியாக, கோப்புகள் தனியாக. ஒரு பிரதி உங்கள் கணினியில், இன்னொன்று வேறெங்காவது. அதைத் திறந்து பார்த்து, உண்மையிலேயே படிக்க முடிகிறதா என்று உறுதி செய்தபிறகு மற்றதைப் பேசலாம். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி அழுதவர்கள் நிறையப் பேர்.

அழிப்பது பற்றி ஒன்று. பதிவைச் சும்மா டிலீட் செய்தால் பழைய சுட்டியில் வருகிறவருக்கு 404 வரும். அந்த முகவரியில் எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டும் அர்த்தம். 410 என்று இன்னொரு எண் இருக்கிறது. இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை, தேட வேண்டாம் என்று அது சொல்லும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் 410 கொடுங்கள். இருந்ததையாவது ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே எழுதிவிட்டார். நான் அந்தக் கட்சி. இலவசமாகத் தளம் அமைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009இல் மூடியபோது எத்தனை பேருடைய எழுத்து ஒரேயடியாகப் போனது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

இப்போது பூச்சி. ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். "கி" என்றால் ககரத்துக்கு மூன்று, கொக்கிக்கு மூன்று, ஆக ஆறு. தரவுத்தளம் அதை லத்தீன் எழுத்து என்று நினைத்துக்கொண்டால் மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டும். அதுதான் நீங்கள் பார்க்கும் பூச்சி. அந்த நிலையில் நின்றிருந்தால் கவலையே வேண்டாம், முழுக்க மீட்டுவிடலாம். தரவுத்தளத்தில் பின்னூட்டங்கள் இருக்கும் நெடுவரிசையை முதலில் வெறும் பைனரியாக மாற்றி, பிறகு யுடிஎஃப்-8 என்று அறிவித்தால் போதும், எழுத்து திரும்பி வந்துவிடும். நேராக ஒரே அடியில் மாற்றினால் பூச்சி நிரந்தரமாகிவிடும், ஜாக்கிரதை.

நடுவில் யாராவது அந்தக் கோப்பை விண்டோஸ் எடிட்டரில் திறந்து சேமித்திருந்தால்தான் சிக்கல். நீங்கள் அப்படிச் செய்தீர்களா?

திரிவிளக்கு | சனி, காலை 7.02

செய்தேன். பின்னூட்டங்களைத் தனியாக எடுத்து, இரண்டு கோப்பாக இருந்ததில் ஒன்றை எடிட்டரில் திறந்து தள முகவரியை மாற்றிச் சேமித்த ஞாபகம் இருக்கிறது.

பழையசாவி | சனி, காலை 7.40

அப்படியென்றால் அந்தக் கோப்பில் இருந்தவை முழுதாகத் திரும்பி வராது. விண்டோஸ்-1252 என்ற அந்த எழுத்து அட்டவணையில் ஐந்து இடங்கள் காலியாக இருக்கின்றன. தமிழுக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம், நம்முடைய புள்ளியின் மூன்றாவது பைட் சரியாக அந்தக் காலி இடங்களில் ஒன்றில் போய் விழுகிறது. உகரக் குறியும் அப்படித்தான். ஏகாரமும் ஐகாரமும்கூட, சொல்லுக்கு முதலில் தனி எழுத்தாக வரும்போது. சில எடிட்டர்கள் காலி இடத்தைக் கண்டால் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடும். அந்த பைட் திரும்பி வராது.

ஆனால் ஒரு நல்ல விஷயம் பாருங்கள். முதல் இரண்டு பைட் பிழைத்திருக்கும். அதை வைத்து, தொலைந்தது புள்ளி அல்லது உகரம், இரண்டில் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். எது என்று இயந்திரம் சொல்லாது. ஆள் உட்கார்ந்து படித்தால் சொல்லிவிடலாம்.

இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் 2016க்கு முந்தைய நகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்த வேலையே மிச்சம்.

கொன்றைமரம் | சனி, காலை 9.10

மனதைத் தொட்ட கேள்வி ஐயா. நான் சைவக் குடும்பம். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு அப்பர்தான் நினைவுக்கு வந்தார். தருமசேனர் என்ற பெயரோடு சமணத்தில் இருந்தவர். திரும்பி வந்தபிறகு அந்த வருடங்களை அவர் ஒளிக்கவில்லை. தேவாரத்தில் திரும்பத் திரும்ப அதைச் சொல்லி வருந்துகிறார். இத்தனைக்கும் தமிழ்நாடே பாடப்போகிற பாட்டு. சமணர்கள்மேல் அவர் வைக்கும் கடுஞ்சொற்களில் எனக்கு உடன்பாடு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் "நான் அங்கே இருந்தேன்" என்பதைத் தன் பாட்டுக்குள்ளேயே வைத்த தைரியம் பெரியது.

காந்தி 1933இல் ஹரிஜன் பத்திரிகையில் இதே சங்கடத்துக்கு ஒரு வழி சொன்னார். தாம் எழுதிய இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தால் பின்னால் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. முன்னால் எழுதியதைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பின்னால் ஒன்று எழுதியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நீங்கள் பின்னால் எழுதியிருக்கிறீர்களா?

திரிவிளக்கு | சனி, காலை 9.48

இல்லை அம்மா. 2011க்குப் பிறகு அரசியலையே தொடவில்லை. விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டபிறகுதான் புரிகிறது, என் தளத்தில் அரசியல் பற்றி நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

வேபேக் மெஷினில் பார்த்தேன். ஒரு நகலும் இல்லை. சர்வருக்குச் சுமை ஆகிறது என்று அந்தக் காலத்தில் ரோபோட்ஸ் கோப்பில் எல்லாத் தேடுநிரல்களையும் தடுத்து வைத்திருந்தேன்.

நடைபாதை | சனி, பிற்பகல் 2.33

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இந்த இழையில் பேசலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் உங்களை மறுக்க வேண்டும் தோழர். 2011க்குப் பிறகு அரசியலையே தொடவில்லை என்கிறீர்கள். அதை ஒரு தவமாகச் சொல்வது போல இருக்கிறது. அப்படி நினைக்காதீர்கள். அரசியல் பேசியதில் தப்பே கிடையாது. நம்பிக்கையுள்ளவர்கள் அரசியல் பேசாமல் இருந்திருந்தால் உலகத்தில் எத்தனையோ நல்லது நடந்திருக்காது. பிரிட்டன் 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்ததற்குப் பின்னால் எத்தனை வருட ஜெபக்கூட்டங்களும் மனுக்களும் இருந்தன! மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையில் உட்கார்ந்து பதில் எழுதியது யாருக்கு? அவசரப்படாதே, பொறுத்திரு என்று அவருக்குச் சொன்ன மதகுருமார்களுக்குத்தான். நான் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போவதில்லை, ஆனாலும் அந்த மனிதரை மதிக்கிறேன்.

ஆனால் இதன் மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநில பாப்டிஸ்டுகள் 1845இல் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்பதுதான் தகராறு. போகலாம் என்று சொன்ன பக்கம் இவர்கள். அவர்கள் கையில் இருந்ததும் அதே வேதப்புத்தகம்தான். 1995இல், சரியாக 150 வருடம் கழித்து, அந்தச் சபை தன் பழைய நிலைக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. பழைய ஆவணங்களை எரித்திருந்தால் எதற்கு மன்னிப்புக் கேட்டார்கள் என்றே யாருக்கும் விளங்கியிருக்காது.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பிரச்சினையாகப் படுவது கட்சியின் பெயர் இல்லை. இந்தக் கட்சி இன்ன அநியாயம் செய்கிறது, அதனால் ஆதரிக்காதீர்கள் என்று எழுதியிருந்தால் அதோடு நான் சண்டை போடலாம், உங்கள் நண்பரும் போட்டிருப்பார். அவர்களுடைய ஜெபம் கேட்கப்படுமா என்று எழுதியபோது சண்டை போட இடமே இல்லாமல் போய்விட்டது. உங்கள் கருத்துக்குக் கீழே கடவுளின் கையெழுத்தையும் நீங்களே போட்டுவிட்டீர்கள். அதற்கு மேல் அவர் என்ன பதில் சொல்ல முடியும்? எழுந்து போகத்தான் முடியும். போய்விட்டார்.

கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். உங்கள் கேள்வியில் இருந்த நேர்மைக்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

திரிவிளக்கு | சனி, பிற்பகல் 3.15

கடுமையாக இல்லை. "எழுந்து போகத்தான் முடியும்" என்ற இடத்தில் சற்று நேரம் திரையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் நடந்தது.

வெயில்காலம் | சனி, இரவு 9.05

இஷா தொழுகை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பாய், எங்கள் மத்ஹபிலேயே, அதாவது நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்ட மரபிலேயே, இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இமாம் ஷாஃபி அவர்கள் இராக்கில் இருந்தபோது சொன்ன தீர்ப்புகள் பலவற்றை எகிப்துக்குப் போனபிறகு மாற்றிக்கொண்டார்கள். 820இல் அங்கேயே வஃபாத் ஆனார்கள். பழைய சொல்லுக்குக் கதீம் என்று பெயர், புதிய சொல்லுக்கு ஜதீத். ஆயிரத்து இருநூறு வருடமாக இரண்டையும் ஓதிக்கொடுக்கிறார்கள். கதீமை யாரும் அழிக்கவில்லை, ஆனால் கதீம் என்ற பெயர் அதன் தலையில் இருக்கும். மாணவன் திறந்தவுடன் அது பழையது என்று தெரிந்துவிடும். அந்தப் பெயர்ச்சீட்டுதான் உங்கள் பதிவில் இல்லை. நம் தங்கை ஒருவரி பயப்படுவதும் அதற்குத்தான்.

ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. தவ்பாவில், அதாவது மனம் வருந்தித் திரும்புவதில், இரண்டு வகை உண்டு. நமக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே உள்ள தவறென்றால் வருந்தி, விட்டு, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுத்தால் போதும். அடியானுக்குச் செய்த தவறென்றால் அந்த ஆளிடம் போக வேண்டும். எவ்வளவு அழுது தொழுதாலும் அந்த ஆளைச் சுற்றிக்கொண்டு போக வழி கிடையாது. உங்கள் வேதத்திலும் இது இருக்கிறது என்று என் கிறிஸ்தவ நண்பர் சொல்லுவார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று.

நீங்கள் பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் நண்பரைப் பற்றிக் கேட்கிறேன். அவர் உயிரோடு இருக்கிறாரா? எண் இருக்கிறதா?

திரிவிளக்கு | சனி, இரவு 9.31

இருக்கிறார். எண் இருக்கிறது.

ஒருவரி | ஞாயிறு, காலை 8.14

எல்லாரும் சொல்றது புரியுது. ஆனா அப்பர், இமாம் ஷாஃபி, காந்தி எல்லாரும் பெரியவங்க. அவங்க எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கு, இது முன்னாடி இது பின்னாடின்னு சொல்ல ஆள் இருக்கு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு யார் இருக்கா? மேல ஒரு குறிப்பு போட்டா ஸ்கிரீன்ஷாட் எடுக்கறவன் அந்தக் குறிப்பை விட்டுட்டுக் கீழ உள்ளதை மட்டும் எடுப்பான். இதை யாராச்சும் யோசிச்சீங்களா?

அப்புறம் அந்தப் பதிவுல தனிப்பட்ட ஆளோட பேர் ஏதாச்சும் இருக்கா? இருந்தா அதையாவது எடுத்துடுங்க. அவங்ககிட்ட நாம அனுமதி வாங்கல.

பழையசாவி | ஞாயிறு, காலை 8.50

ஒருவரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் முகவரியைக் காப்பாற்றுவதிலேயே இருந்துவிட்டேன். இரண்டு வேலை செய்யலாம். தேடுபொறி பட்டியலில் வராதபடி அந்தப் பக்கத்துக்கு மட்டும் நோஇண்டெக்ஸ் குறி போடுங்கள். ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தால் போதாது. உள்ளே வந்து படித்தால்தானே குறி இருப்பது அதற்குத் தெரியும். சுட்டி வைத்திருப்பவர் வரலாம், எதையோ தேடி வருகிறவர் தடுக்கி விழ மாட்டார். அடுத்து, குறிப்பைத் தலையில் மட்டும் போடாமல் அந்த ஜெபக் கேள்வி இருக்கும் பத்தியை ஒட்டியே ஒரு வரி போடுங்கள். வெட்டி எடுப்பவன் அதையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். பழைய வாக்கியத்தை மட்டும் திருத்தாதீர்கள். திருத்திவிட்டு 2011 தேதியை அப்படியே விட்டால் அதுதான் உண்மையான பொய்.

கொன்றைமரம் | ஞாயிறு, காலை 11.26

ஒருவரி, உங்களுக்கு நடந்தது அநியாயம். தேதியை வெட்டியவர் செய்தது அது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் எல்லாவற்றையும் அழித்திருப்பேன். அழித்ததற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திரிவிளக்கு | புதன், இரவு 11.40

நான்கு நாளாக இங்கே வரவில்லை. பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பழையசாவி சொன்னபடி பேக்கப் எடுத்து, பைனரி வழியாக மாற்றினேன். பழுதில்லாத கோப்பில் இருந்தவை ஒரு நொடியில் தமிழாகிவிட்டன. மற்றவற்றில் புள்ளியும் உகரமும் இருந்த இடமெல்லாம் கட்டம். "தம□பி" என்று. தமிழில் புள்ளி எத்தனை இடத்தில் வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று எழுத்துக்கு ஒன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதுவார்கள் என்று படித்திருக்கிறேன், அவர்கள் எப்படித்தான் வாசித்தார்களோ.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். இது புள்ளியா, உகரமா என்று சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டும். வேகமாகப் போக முடியாது. ஒரு பின்னூட்டத்துக்கு அரை மணி நேரம் ஆனது.

ஒன்பதாவது பின்னூட்டம் ஒரு பெரியவருடையது. 2005இலிருந்து தினமும் வந்து படித்தவர். நேரில் பார்த்ததில்லை. 2014இல் காலமாகிவிட்டார், அவருடைய மகள் மின்னஞ்சலில் தெரிவித்திருந்தார். அவர் இந்தப் பதிவில் என்ன எழுதினார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. புள்ளி புள்ளியாகப் போட்டு முடித்தபோது இப்படி இருந்தது:

"தம்பி, கொஞ்சம் கேள□. நீ சொல்லும் கட்சிக்குத்தான் நான் நாற்பது வருடமாக ஓட்டுப் போட்டு வருகிறேன். தினமும் காலையில் உன் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஜெபம் செய்கிறேன். இனிமேல் நான் படிக்கலாமா?"

அவ்வளவுதான். கோபம் இல்லை.

அதற்குக் கீழே என் பதில் இருந்தது. அது பழுதில்லாத கோப்பில் இருந்ததால் ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. "படிக்கலாம் ஐயா, மனந்திரும்பும் எண்ணத்தோடு படியுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். எழுபது வயது மனிதருக்கு.

2011இல் அவர் எழுதியதை நான் எப்படிப் படித்திருப்பேன்? வந்த பின்னூட்டத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, பதில் போடும் வேகத்தில் படித்திருப்பேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் என்ன என்று யோசித்துப் படிக்க வேண்டியிருந்தது. "படிக்கலாமா" என்ற சொல்லில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் புள்ளி ஒன்றுதான், உகரம் கிடையாது.

பதிவை அழித்தால் இந்த நான்கு வரியும் போய்விடும். அவை என்னுடையவை இல்லை. அதனால் அழிக்கப் போவதில்லை. இது ஒன்று முடிவாகிவிட்டது.

நேற்று இரவு நண்பரை அழைத்தேன். மூன்று தடவை மணி அடித்து நின்றது, எடுக்கவில்லை. அதன்பின் கடிதமாக எழுதினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்போது தேர்தல் சூடு, எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்றெல்லாம் முதல் பிரதியில் இருந்தது, எடுத்துவிட்டேன். இன்ன தேதியில் இதை எழுதினேன், தவறு, உன்னைக் கேட்காமலேயே உன் ஜெபத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்று மட்டும். பதில் இன்னும் வரவில்லை.

வெயில்காலம் | வியாழன், காலை 5.50

பதில் வராமலே போகலாம் பாய். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மன்னிப்பது அவருடைய உரிமை, அவர் எடுத்துக்கொள்ளும் காலமும் அவருடையது. ஃபஜ்ரில் உங்கள் இருவருக்காகவும் துஆ செய்தேன். அந்தப் பெரியவருக்காகவும்.

நடைபாதை | வியாழன், காலை 9.20

எனக்குப் பிரார்த்தனை தெரியாது. அந்தப் பெரியவருடைய நான்கு வரியை மூன்று தடவை படித்தேன். அரசியல் வாதத்தில் இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

ஒருவரி | வியாழன், காலை 10.02

அண்ணா, நான் அழிக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இந்தப் பதிவுக்கு மட்டும்.

என்னோட பழைய பதிவுக்குக் கீழயும் யாராச்சும் ஏதாச்சும் எழுதியிருந்தாங்களான்னு இப்ப யோசிக்கறேன். ஞாபகம் வரல. பேக்கப்பும் எடுக்கல.

திரிவிளக்கு | சனி, இரவு 8.30

செய்து முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். பதிவு பழைய முகவரியிலேயே இருக்கிறது. ஒரு சொல்லும் மாற்றவில்லை. தலையில் இன்றைய தேதியோடு ஆறு வரிக் குறிப்பு. ஜெபக் கேள்வி இருக்கும் பத்தியை ஒட்டி "இதை எழுதியது என் தவறு" என்று ஒரு வரி. நோஇண்டெக்ஸ் போட்டாயிற்று. தனிநபர் பெயர் ஒரு பின்னூட்டத்தில் இருந்தது, அதை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்திருக்கிறேன் என்று அங்கேயே சொல்லியிருக்கிறேன். ரோபோட்ஸ் தடையையும் நீக்கிவிட்டேன், இனி யாராவது நகல் எடுத்து வைக்கட்டும். கொன்றைமரம் கேட்ட "பின்னால் எழுதியது" நாளைக் காலை வெளியாகும். அதில் அரசியலும் இருக்கிறது, நடைபாதை படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

பெரியவருக்கு நான் அன்று கொடுத்த பதிலுக்குக் கீழே இன்று ஒரு பதில் எழுதினேன். "நீங்கள் படித்ததற்கு நன்றி ஐயா. தவறு என்னுடையது." அவருடைய மகளுக்கும் சுட்டி அனுப்பினேன்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன். "கொஞ்சம் கேள□." அது கேள் என்பதா, கேளு என்பதா? இரண்டும் பொருந்துகிறது. புள்ளி வைத்தால் குரல் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறது, உகரம் போட்டால் தோளில் கை வைத்துச் சொல்வது போல இருக்கிறது. எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே போடப் பயமாக இருக்கிறது. அவர் வேறு தளங்களிலும் எழுதிவந்தவர். அவருடைய பின்னூட்டங்களை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

தாழ்வாரம் | ஞாயிறு, மாலை 5.12

இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். அந்தப் பெரியவர் யார் என்று எழுத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். 2007 முதல் 2013 வரை என் தளத்திலும் வந்து எழுதியிருக்கிறார். என்னையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

தரவுத்தளத்தில் தேடிப் பார்த்தேன். 63 பின்னூட்டங்கள் இருக்கின்றன, எதிலும் பழுதில்லை. மற்றதெல்லாம் எழுத்து நடையில் எழுதியிருந்தாலும் இந்தச் சொல்லை மட்டும் பேசுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். "கேளு" ஏழு இடத்தில் வருகிறது. "கேள்" என்று ஒரு இடத்தில்கூட இல்லை.

திரிவிளக்கு | ஞாயிறு, மாலை 5.31

போட்டுவிட்டேன் ஐயா. அந்த 63ஐயும் ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா? அவருடைய மகள் கேட்கிறார்.